நாலு புள்ளி மூன்று ஐந்து

என் கணவருக்குத் தண்ணீர் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பசியாவரத்தில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அதுவும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். காட்டூர்க்காரர், வயலும் வரப்பும் பார்த்து வளர்ந்தவர். நாலு பக்கமும் ஏரி சூழ்ந்த எங்கள் தீவுக்கு அவர் வந்து சேர்ந்தது என்னால்தான். பழவேற்காடு கடைவீதியில் அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். என் போன் ஒன்றும் அத்தனை தடவை கெட்டுப்போகிற போன் இல்லை. மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

கல்யாணத்துக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, நைனாவைத் தனியாக விட்டு வரமாட்டேன் என்பது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு நான், எனக்கு அவர். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே இவர் வீட்டோட மாப்பிள்ளை ஆனார். அந்தச் சொல்லை நம் ஜனங்கள் எந்த மாதிரி உதட்டைச் சுழித்துச் சொல்வார்கள் என்று தெரியும்தானே. எங்கள் ஊரில் அதோடு "நீச்சலும் தெரியாது" என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

காலையில் கடைக்குப் போக அவர் படகேறுகிற அழகைப் பார்க்க வேண்டும். நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, அக்கரை வரும்வரை தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். வழியில் பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். "எறங்கி நடந்தாகூட போயிடலாம்ண்ணா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்யும். இவரும் சிரிப்பார், ஆனால் கையை எடுக்கமாட்டார்.

நைனா கேலி செய்யமாட்டார். அது அதைவிட மோசம். அவர் இவரிடம் பேசவே மாட்டார். வெறுப்பு என்று சொல்ல முடியாது, பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். வலை, காற்று, நீரோட்டம் இந்த மூன்றையும் விட்டால் நைனாவுக்கு வேறு பேச்சு கிடையாது. இவருக்கோ அந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. ஒரே அறையில் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். நைனா என்னைப் பார்த்து, "காட்டூராருக்கு மீன் வெச்சியாம்மா?" என்பார். இவர் என்னைப் பார்த்து, "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பார். நடுவில் நான் தபால்காரி.

தெருவில் வேறு யாராவது ஒரு மாமனார் "மாப்ள" என்று குரல் கொடுத்தால் இவர் திரும்பிப் பார்ப்பார். தன்னை இல்லை என்று தெரிந்ததும், வேறு எதையோ பார்க்கத் திரும்பினவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நைனா மேல் கோபம் கோபமாக வரும். ஒரு சொல்தானே. வாயைத் திறந்து கூப்பிட்டால் முத்தா உதிர்ந்துவிடும்? அந்த மனுஷன் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான்.

ஊரும் அவருக்கு இடம் தருகிற ஊர் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற நல்ல துறைகளில் வலை கட்ட எங்களுக்குள் முறை உண்டு. இன்றைக்கு ஒரு வீடு கட்டினால் நாளைக்கு இன்னொரு வீடு. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு யாருக்கு எப்போது என்று முடிவு செய்வார்கள். அதைப் பாடு என்போம். பாடு அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். மகளுக்கு வராது, மகளைக் கட்டியவனுக்கும் வராது. இதெல்லாம் தெரிந்துதான் கட்டினார், அதில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் கூடினால் முக்கால்வாசிப் பேச்சு இந்தப் பாடு பற்றித்தான். அந்த நேரத்தில் இவர் எழுந்து போய்விடுவார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ரிமோட் பொம்மைகள். பறக்கிற டிரோன் மேல்தான் முதலில் ஆசை. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறார்கள். இங்கே எதையாவது மேலே கிளப்பினால் விசாரிக்க ஆள் வந்துவிடும். அதனால் படகு கட்டினார். கரையில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களிடம் மிச்சம் மீதி கண்ணாடி இழைப் பாயும் பிசினும் கேட்டு வாங்கி வந்து, தெர்மாகோலைச் செதுக்கி அதன் மேல் பூசினார். முழங்கை நீளத்துக்கு இரண்டு பங்கு இருக்கும். நைனாவின் படகுக்கு அடித்த நீலமும் மஞ்சளும் வாங்கி அதற்கும் அடித்தார். நைனா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

அந்த வெற்றிலையில்தான் விஷயம் தொடங்கியது. ஒரு நாள் காலையில் நைனா வெற்றிலைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் நின்றால் அவர் வலை கட்டியிருந்த இடம் கண்ணுக்குத் தெரியும். இவர் என்ன செய்தார் தெரியுமா, வெற்றிலையும் பாக்கும் சின்ன டிபன் டப்பாவில் வைத்து, டப்பாவைப் பொம்மைப் படகில் கட்டி, கரையில் நின்றபடியே ரிமோட்டால் ஓட்டி அனுப்பிவிட்டார். படகு கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு போய் நைனாவின் படகில் முட்டி நின்றது. தூரத்தில் நைனா குனிவது தெரிந்தது. நிமிர்ந்து கரைப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டார். என் கணவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட இல்லை.

போனது சரி, திரும்பி வர வேண்டாமா? வாடைக்காற்று எதிரே அடித்தது. பாதி தூரத்தில் பேட்டரி களைத்துப் படகு நின்றுவிட்டது. நைனாதான் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஊரே பார்த்தது. "காட்டூராரு கப்பல மாமனாரு கட்டி இஸ்துகினு வராரு" என்று எங்கள் சித்தப்பா, நைனாவின் தம்பி, கரையிலிருந்து கத்தினார். அவருக்கு ஊரிலேயே பெரிய வாய். ஒரு வாரம் எல்லாரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

இவர் ரோஷக்காரர், வெளியே தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் எச்.வி. பேட்டரி இரண்டு வாங்கி வந்தார். அதாவது ஹை வோல்டேஜ் லித்தியம். எனக்கு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாதாரண லித்தியம் பேட்டரியில் ஒரு செல்லை நாலு புள்ளி இரண்டு வோல்ட் வரை நிரப்பலாம், அதற்கு மேல் கூடாது. எச்.வி. வகையில் நாலு புள்ளி மூன்று ஐந்து வரை போகலாம். மூன்று செல் சேர்ந்த பேட்டரி என்றால் சாதாரணம் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், எச்.வி. பதிமூன்றைத் தாண்டும். அந்தக் கொஞ்சத்தில்தான் எதிர்காற்றில் வீடு வந்து சேர்வது இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே அளவு, அதே பிளக், மேலே ஒட்டியிருக்கிற தாளில்தான் வித்தியாசம்.

அதோடு முடிந்ததா? முடியவில்லை. பேட்டரி மாறினால் அதைச் சுற்றியிருக்கிற எல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். படகின் மூக்கில் ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தார். அது பதிமூன்று தாங்காது. புது பேட்டரியை மாட்டிய அன்றே வீடு முழுக்க நாறும்படி புகைந்து செத்தது. பிறகு மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர், ரிசீவர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது எத்தனை தாங்கும், அது எத்தனை தாங்கும் என்று பார்த்தார். பழைய சார்ஜரில் எச்.வி.க்கு வழியே இல்லை என்று புதுசு வாங்கினார். "நமக்கு ஒரு பொருத்தம்கூட பாக்கல. இதுக்கு மட்டும் பத்து பொருத்தம் பாக்கறீங்க" என்றேன். "பாக்காததாலதான் நீ தெனம் பொகையற" என்றார். கையிலிருந்த கரண்டியை எறியலாமா என்று யோசித்தேன்.

புது சார்ஜரில் ஒரு சின்னத் திரை உண்டு. மாட்டியிருப்பது எந்த வகைப் பேட்டரி என்று நாம்தான் சொல்ல வேண்டும், அது தானாகக் கண்டுபிடிக்காது. எச்.வி. பேட்டரிக்குச் சாதாரணம் என்று சொல்லிவிட்டால் மோசம் இல்லை, கொஞ்சம் குறைவாக நிரம்பும். சாதாரணப் பேட்டரிக்கு எச்.வி. என்று சொன்னால்தான் ஆபத்து. தாங்குகிற அளவுக்கு மேலே திணித்து, ஊதி, தீப்பிடிக்கவும் கூடும். அதனால் சார்ஜ் போடும்போது பேட்டரியை மண்சட்டிக்குள் வைக்க வேண்டும் என்று என்னுடைய மீன்குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். பழக்கப்பட்ட நல்ல சட்டி. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. சட்டியும் சார்ஜரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த வலைக் கொட்டகையில் இடம் பிடித்தன, இன்வெர்ட்டர் அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகுகிறது. வாடை அடித்தாலும் படகு போய்த் திரும்பியது. நைனா வேண்டுமென்றே வெற்றிலைப் பையை மறந்துவிட்டுப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பி வரும் டப்பாவில் சில நாள் நாலு பெரிய இறால் இருக்கும். ஒரு நாள் நண்டு ஒன்றைக் காலைக் கட்டி அனுப்பியிருந்தார், டப்பாவைத் திறந்த இவர் குதித்த குதி இருக்கிறதே! நைனா அங்கே தண்ணீரில் நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரிப்பது இங்கிருந்தே தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதை. "காட்டூராருக்கு நண்டு புடிக்கும்ல, கொழம்பு வையிம்மா" என்று என்னிடம் சொன்னார். அவர் பக்கத்தில்தான் இவர் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பேட்டரிகள் ஊத ஆரம்பித்தன. வாங்கிச் சில மாதம்கூட ஆகாத எச்.வி. பேட்டரிகள் சுட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓட்டி முடித்ததும் பேட்டரியைப் பாதி அளவில் நிறுத்தி வைப்பார். இந்தச் சாதியை நிறைத்து வைக்கக் கூடாதாம், சும்மா இருக்கும்போது பாதிதான் அதற்கு நல்லதாம், எச்.வி. என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டுமாம். அத்தனை பக்குவமாக வைத்தும் ஊதுகிறதென்றால் கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று ரிச்சி தெருவுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். சண்டை போடத் தெரியாத மனுஷன் போட்ட சண்டை எப்படி இருந்திருக்கும்? அதே கடையில் இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் ஊதியது. கடைசியில் உப்பினவற்றையெல்லாம் மண்சட்டியில் போட்டு மணலால் மூடி வைத்துவிட்டு, பழைய சாதாரண பேட்டரி ஒன்றையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுப் பாடு வருவதற்கு முந்தின நாள் அது. நைனா வலையைத் தைத்து, உலர்த்தி, கொட்டகையில் மடித்து அடுக்கியிருந்தார். நல்ல துறை, நல்ல தண்ணீர். அந்தத் துறையில் மறுபடி நம் முறை வர ரொம்ப நாள் ஆகும். இவர் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் நைனா கேனைத் தூக்கிக்கொண்டு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்ற, ஊரின் மறுகோடியில் கட்டியிருந்த படகுக்குப் போனார். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அதன் பிறகு ஒரு சீறல். ஓடிப்போய்ப் பார்த்தால் வலைக் குவியல் எரிகிறது.

சித்தப்பா வேலியைத் தாண்டி வந்தார். இருவருமாக மெயினை அணைத்து, மணலை அள்ளி அள்ளிக் கொட்டினோம். கொட்டகை தப்பியது, வலை தப்பவில்லை. நைலான் உருகி, கறுத்த வெல்லப்பாகு மாதிரி தரையில் ஒட்டிக்கிடந்தது. அதன் நடுவில் பேட்டரியின் எலும்புக்கூடு. அந்த நேரத்தில்தான் இவர் வந்த படகு கரையை நெருங்கியிருக்கிறது. புகையைப் பார்த்து, கரை தட்டும் முன்பே தண்ணீரில் குதித்து ஓடி வந்தார். முழங்காலுக்கு மேலே நனைந்திருந்தது.

"வாய்யா" என்றார் சித்தப்பா. "பொம்ம வெச்சி வெளாட்ற வயசா இது? நாளைக்கி எங்க அண்ணன் பாடு. இன்னாத்த கட்டுவாரு, உன் தலையவா கட்டுவாரு? ஏரி தெரியாத ஆளுக்கு ஏரிக்கரைல இன்னா வேல? காட்டூருக்கே போய் களை புடுங்கு."

வேலிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. இவர் எரிந்ததைப் பார்த்தார், சார்ஜரைப் பார்த்தார். "தப்பு என்னுதுதான் சின்ன மாமா. காலைல சார்ஜுல போட்டுட்டு மறந்து போயிட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம் கொட்டகையை நான்தான் பெருக்கினேன். சார்ஜரில் ஒன்றும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் இவர் மெயினைப் போட்டார். சார்ஜர் மேலே பலகையில் இருந்ததால் தப்பித்திருந்தது. கடைசியாகப் போட்ட கணக்கைத் திரை காட்டியது: எச்.வி., நாலு புள்ளி மூன்று ஐந்து. மாட்டியிருந்ததோ சாதாரண பேட்டரி. அவர் இரண்டு பொத்தானை அழுத்தி அதை நாலு புள்ளி இரண்டுக்கு மாற்றினார். பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

"யார காப்பாத்தறீங்க?" என்றேன்.

அவர் சார்ஜரின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். பதில் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் மீதி இருப்பது ஒருவர்தான். "மாமாகிட்ட கேக்காத" என்றார் கடைசியில். "வயசான மனுஷன். நாளைக்கி அவரு பாடு போச்சேன்றதே போதும். அவராலதான் போச்சுன்னு வேற தெரியணுமா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஊர் முழுக்க இவரைக் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கிறது, இவர் பொத்தானை மாற்றிக்கொண்டிருக்கிறார்! நல்லவனாக இருக்கலாம், அதற்கு ஒரு அளவு வேண்டாமா?

நைனா வந்தபோது சித்தப்பா வழியிலேயே மடக்கி எல்லாம் சொல்லியிருந்தார். நைனா உருகின வலைக்கு முன்னால் குந்திக்கொண்டு, தரையில் ஒட்டிக்கிடந்ததை நகத்தால் பெயர்த்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காட்டூராரு காலைல போட்டாருன்றான் தம்பி. நான்தானேம்மா போட்டேன், எண்ண ஊத்தப் போறதுக்கு முன்னால. அவரு ஏன் அப்டி சொல்றாரு?"

"நீ எதுக்கு நைனா போட்ட?"

"தெனம் நான்தாம்மா போடறேன்." ஏதோ இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பது மாதிரி சொன்னார். "பாதிலயே வுட்டுட்டு கடைக்குப் போயிடறாரு. பாக்க ஒரு மாதிரியா இருக்கும். நம்ம எஞ்சினுக்கு ஊத்தறப்ப இதுக்கும் போட்டு வுட்டுடுவேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் தீவில் டாங்க்கை நிறைக்காமல் படகைக் கட்டுகிறவனை ஆம்பளையாகவே மதிக்கமாட்டார்கள். யாருக்கு எப்போது வலி எடுக்கும், எப்போது அக்கரைக்கு ஓட வேண்டியிருக்கும் என்று தெரியாது. நான் பிறந்ததே டாங்க் நிறைந்திருந்ததால்தான் என்று நைனா சொல்வார். அந்த மனுஷனால் பாதியில் நிற்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியுமா? ஊதிப்போன ஒவ்வொரு பேட்டரியும் நைனா தினமும் நிறைத்து நிறைத்து வைத்த பேட்டரி. காலையில் மாட்டியதும் நிறைந்துவிட்டதாகக் காட்டியதை இவர் புது சார்ஜரின் வேகம் என்று நினைத்திருக்கிறார். கடலுக்குப் போன காலத்தில் ஜி.பி.எஸ். பழகியவர், எண்கள் தெரியும். எச்.வி. பேட்டரிகள் தீர்ந்துபோய் பழையது ஒன்று மட்டும் இருந்தபோது அதையும் அதே மாதிரி மாட்டியிருக்கிறார். சட்டியில் மணலும் ஊதினதும் கிடந்ததால், அலுங்காமல் இருக்கட்டும் என்று வலை மேல் வைத்திருக்கிறார்.

"ரெண்டு நம்பர் காட்டும். நாலு இருவது, நாலு முப்பத்தஞ்சு. நான் பெருசத்தான் போடுவேன்" என்றார். "கூடக் கொஞ்சம் இருக்கட்டுமேனு. தப்பாம்மா?"

இறால் விற்கும்போதுகூட எடை போட்ட பிறகு ஒரு கை அள்ளிப் போடுகிறவர். நான் அவர் பக்கத்தில் குந்தி, இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். மறைக்கவில்லை. என் கணவர் பொத்தானை மாற்றியதையும் சொன்னேன். அவர் சொல்லாதே என்றார்தான். சொல்லாமல் இருக்க நான் ஒன்றும் அவர் இல்லை.

நைனா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அம்மன் கோயில் பக்கம் நடந்தார். அங்கே பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலேயே போய் மூலையில் நின்றேன்.

"வலைய கொளுத்தினது நானு" என்றார் நைனா. "என் மாப்ள இல்ல. நான் செஞ்சத தான் செஞ்சதா ஏத்துக்கினு, உங்க எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிக்கினு நிக்கறாரு. தம்பி, நீ என் மாப்ளய களை புடுங்க சொன்னியாமே?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரிய வாய் அன்றைக்குச் சின்னதாகத் திறந்தது. "என் வல சும்மாதாண்ணா கெடக்குது. எடுத்துக்க" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். "நைனா உங்கள மாப்ளனு சொல்லிட்டாரு, ஊர் முன்னாடி" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் நம்பவில்லை. விடிந்ததும் நைனா வாசலில் நின்று, "மாப்ள, வரீங்களா? வல இஸ்க்க ஒரு ஆளு கொறையுது" என்று நேராக அவரைப் பார்த்துக் கேட்டபோதுதான் நம்பினார். கேட்டதும் கிளம்பிவிட்டார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பதுகூடத் தெரியாமல். அன்று அவர் மூன்று தடவை வாந்தி எடுத்ததாக நைனா சொன்னார். அதைக்கூட என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாயங்காலங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. புதிய எச்.வி. பேட்டரிகள் வந்தன. எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு நைனா கொட்டகைக்குள் வருவார். இரண்டு பேரும் சட்டிக்கு முன்னால் குந்திக்கொள்வார்கள். "இது நாலு இருவதா, முப்பத்தஞ்சா மாப்ள?" என்று நைனா கேட்பார். ஒட்டியிருக்கிற தாளைப் பார்த்தே அவருக்குத் தெரியும், பேச்சுக்காகக் கேட்பார். இவரும் முதல் தடவை கேட்பது போலப் பதில் சொல்வார். அங்கிருந்து பேச்சு காற்றுக்குப் போகும், வலைக்குப் போகும். வாடைக்காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் வித்தியாசம் இவருக்குத் தெரிய ஆரம்பித்தது. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வறண்டுபோகும், இரண்டு பேரில் ஒருவருக்கும் காது கேட்காது. எனக்குத் தபால் வேலை போய்விட்டது. அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் நைனா போய்விட்டார். ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். இவர்தான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தார். அழவில்லை.

மழை முடிந்து ஊர் கூடியது, பாடு முறைக்குச் சீட்டுப் போட. நைனாவுக்கு மகன் இல்லை, ஆகவே எங்கள் வீட்டுப் பங்கு விழுந்துவிடும். அதுதான் முறை. ஆனால் சித்தப்பா எழுந்து, "அண்ணன் சீட்டு இருக்கட்டும். மாப்ள பேர்ல போடுங்க" என்றார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். இவருக்குத் தரலாம் என்றது பாதிக் கூட்டம். மகளைக் கட்டியவனுக்கு இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லா ஊர் மாப்பிள்ளையும் கேட்பான் என்றது மீதி. சத்தம் ஏறியது. நான் கோயில் சுவரோரம் நின்று, கொடுத்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் எழுந்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு வேணாம்" என்றார். "மொற மொறயாவே இருக்கட்டும். மாமா இருந்தா அப்டிதான் சொல்லுவாரு. எனக்கோசரம் மாத்தாதீங்க."

சீட்டு எடுக்கிற பெரியவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரை நகரச் சொன்னார்.

"பாடு இல்லன்னா போவுது. மொறய வுட்டுக் குடுக்காதவன் வெளியூர்க்காரனா? வந்து இப்டி குந்து மாப்ள."

தன் பேரில்லாத சீட்டுகளை எடுத்து முடிக்கும்வரை என் கணவர் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், நைனா செத்த அன்று அழாதவர், குழந்தை மாதிரி அழுதார். ஏரியில் எங்கள் வீட்டுக்கு இருந்த இடம் அன்றோடு போய்விட்டது. அது எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிசையில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க நைனா இல்லாமல் போனாரே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.